சாவியைத் திருப்பிக் கொடுக்க வேண்டிய வீடு

இந்த நிகழ்ச்சியில் வழக்கமா கோட்டை, கால்வாய், ரயில் பாதைன்னு பெரிய விஷயங்களோட வரலாற்றைப் பேசுவோம். இன்றைக்குப் பேசப்போவது ஒரு சமையல் மேடையின் உயரம். 34 அங்குலம். சிரிக்காதீங்க. போன வருஷம் எங்கள் வீட்டில் நடந்த வாக்குவாதத்தில் பாதிக்கு மேல் இந்த 34 அங்குலத்தால் வந்ததுதான். அது எங்கிருந்து வந்ததுன்னு தேடிப் போனால் வழி நெய்வேலிக்குப் போகிறது, அங்கிருந்து இன்னும் தூரமும் போகிறது.

கதை இதுதான். அப்பா நெய்வேலி சுரங்கத்தில் சர்வே பிரிவில் 33 வருஷம் வேலை பார்த்தவர். அவ்வளவு வருஷமும் நாங்கள் இருந்தது குவார்ட்டர்ஸில். முதலில் ஒரு சின்ன வீடு, பதவி உயர்வுக்குப் பிறகு கொஞ்சம் பெரிய வீடு. ஓய்வு பெற்றதும் குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டு, சில வருஷம் வாடகை வீட்டில் இருந்து, கடைசியில் சென்னை மேடவாக்கம் பக்கம் மூன்றாவது மாடியில் இரண்டு படுக்கையறை ஃப்ளாட் ஒன்று வாங்கினார்கள். எங்கள் குடும்பத்தின் முதல் சொந்த வீடு. சாவி கைக்கு வந்த அந்த வாரமே இன்டீரியர் செய்கிற ஒரு நிறுவனத்திலிருந்து ஒரு இளைஞர் மடிக்கணினியோடு வந்தார். படம் எல்லாம் அருமையா இருந்தது. டிவி சுவருக்கு மரப்பலகை மாதிரி ஒரு பின்னணி, கூரைக்குக் கீழே இன்னொரு கூரை, அதற்குள் மறைவா விளக்கு, சுவரோடு சுவரா அலமாரி, சாம்பல் நிறத்தில் மாடுலர் கிச்சன்.

அம்மா எல்லாத்தையும் பொறுமையா பார்த்துட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டாங்க. "தம்பி, இந்த மேடை எவ்வளவு உயரம்?"

"34 இஞ்ச்ம்மா. பில்டர் போட்டதே அதுதான். ஸ்டாண்டர்டு."

"யாருக்கு?"

அந்தப் பையனிடம் பதில் இல்லை. என்னிடமும் இல்லை. அம்மாவின் உயரம் நாலடி பத்து அங்குலம். இந்த எபிசோட் அந்தக் கேள்விக்கான பதில்தான்.

நெய்வேலியிலிருந்து ஆரம்பிக்கலாம். 1930களில் அன்றைய தென்னார்க்காடு மாவட்டத்தில், விருத்தாசலம் பக்கம் இருந்த இந்தக் கிராமப் பகுதியில் கிணறு தோண்டும்போது தண்ணீரோடு கறுப்பா ஏதோ வந்தது, ஜம்புலிங்க முதலியார் என்ற நிலக்கிழார் அதை அதிகாரிகளின் கவனத்துக்குக் கொண்டு போனார் என்பது நெய்வேலியில் வளர்ந்த எந்தக் குழந்தைக்கும் தெரிந்த கதை. 1956 நவம்பர் 14 அன்று நெய்வேலி பழுப்பு நிலக்கரி நிறுவனம் பதிவானது. 1957 மே 20 அன்று பிரதமர் நேரு வந்து சுரங்கப் பணியைத் தொடங்கி வைத்தார். ஆனால் தொடங்கிய உடனே நிலக்கரி கிடைத்துவிடவில்லை. மேலே இருக்கிற மண்ணை அகற்ற வேண்டும். நிலக்கரிப் படுகைக்குக் கீழே அழுத்தத்தோடு நிற்கும் ஊற்று நீரை இராப்பகலா பம்ப் வைத்து இறைத்துக்கொண்டே இருக்க வேண்டும், இல்லாவிட்டால் அது அடியிலிருந்து பீறிட்டு வரும். பழுப்பு நிலக்கரி கண்ணால் பார்க்கும்படி வெளியே தெரிந்தது 1961 ஆகஸ்டில். சோவியத் ஒத்துழைப்போடு கட்டிய அனல் மின் நிலையத்தின் முதல் அலகு ஓடத் தொடங்கியது 1962ல்.

இந்த இடைவெளியைக் கவனிங்க. தொடக்க விழாவுக்கும் முதல் நிலக்கரிக்கும் நடுவில் நாலு வருஷத்துக்கு மேல். அவ்வளவு காலமும் பொறியாளர், ஃபிட்டர், டிரைவர், எழுத்தர், சமையல்காரர்ன்னு பல ஊர்களிலிருந்து வந்தவர்கள் எங்கேயாவது தங்கியாக வேண்டும். செம்மண் காடும் முந்திரித் தோப்புமா கிடந்த இடம் அது. அங்கே வேலை வேண்டும் என்றால் முதலில் வீடு வேண்டும்.

அப்படி எழுந்ததுதான் நகரியம். நேரான அகலத் தெருக்கள், இரண்டு பக்கமும் மரம், வட்டம் வட்டமாகப் பிரித்த குடியிருப்பு. வெளியூர்க்காரர்களுக்கு ஒரு விளக்கம். நெய்வேலியில் 'வட்டம்' என்றால் தாலுகா இல்லை, உருண்டையான இடமும் இல்லை. பிளாக் என்பதற்கு அங்கே வைத்த தமிழ்ப் பெயர் அது. முகவரியே 'வட்டம் 11', 'வட்டம் 25' என்றுதான் இருக்கும். பேச்சில் யாரும் வட்டம்னு சொல்றதில்லை, "நீ எந்த பிளாக்?" என்றுதான் கேட்பார்கள். ஆனால் அந்தக் கேள்விக்கு உள்ளே இன்னொரு கேள்வி இருக்கும். எந்த பிளாக், எந்த டைப் வீடு என்று சொல்லிவிட்டால் உங்கப்பா என்ன வேலையில் இருக்கிறார், ஏறக்குறைய என்ன சம்பளம் என்பது கேட்டவருக்குப் புரிந்துவிடும். கல்யாணப் பேச்சில் அது ரொம்ப உதவும்.

ஏனென்றால் வீடு பதவிக்கு ஏற்றது. உங்கள் குடும்பத்தில் எத்தனை பேர், வயசான பாட்டி இருக்காங்களா, பெண் பிள்ளைகள் எத்தனை என்பதெல்லாம் அப்புறம். இது நெய்வேலி கண்டுபிடித்த முறை இல்லை. சுதந்திரத்துக்குப் பிறகு இந்தியா முழுக்கப் புது ஊர்கள் இப்படித்தான் எழுந்தன. சண்டிகரில் லெ கொர்பூசியேயின் பெயர்தான் பெரிசா தெரியும், ஆனால் அங்கே அரசு ஊழியர்களுக்கான வீடுகளை வரைந்தவர்கள் பியர் ஜான்னரே, மேக்ஸ்வெல் ஃப்ரை, ஜேன் ட்ரூ ஆகிய மூவர். அமைச்சரிலிருந்து கடைநிலை ஊழியர் வரை சம்பளத்தின்படி வகை பிரித்து, ஒவ்வொரு வகைக்கும் ஒரு வரைபடம். 1954ல் டெல்லியில் ஐ.நா. ஆதரவோடு வீட்டுவசதி பற்றி ஒரு கருத்தரங்கமும், மலிவு வீடுகளின் மாதிரிகளைக் கட்டிக் காட்டிய ஒரு கண்காட்சியும் நடந்தன. பிலாய், ரூர்கேலா, துர்காபூர் எஃகு நகரங்கள் எழுந்ததும் இதே பத்தாண்டில்தான். குடும்பம் உள்ளே வருவதற்கு முன்பே அடுப்பு எங்கே, தொட்டி எங்கே, கட்டில் எந்தச் சுவரோரம் என்பது ஒரு அலுவலகத்து மேசையில் முடிவாகிவிட்ட காலம் அது.

இப்போ அந்த 34 அங்குலத்துக்கு வருவோம். நின்றுகொண்டு சமைக்கிற, எல்லாம் கைக்கெட்டுகிற, ஒரே அளவில் ஆயிரக்கணக்கில் செய்து பொருத்துகிற சமையலறை என்ற எண்ணத்துக்கு ஒரு பிறந்த ஊர் உண்டு. ஜெர்மனியின் பிராங்பர்ட். முதல் உலகப் போருக்குப் பிறகு அங்கே கடும் வீட்டுப் பஞ்சம். எர்ன்ஸ்ட் மே என்ற கட்டடக் கலைஞரின் தலைமையில் நகராட்சி தொழிலாளர் குடியிருப்புகளை வேகமாகக் கட்டியது. அவரது குழுவில் இருந்த மார்கரெட் ஷூட்டே லிஹோட்ஸ்கி என்ற பெண் 1926ல் ஒரு சமையலறையை வடிவமைத்தார். 1.9 மீட்டர் அகலம், 3.4 மீட்டர் நீளம். ரயிலில் உணவு சமைக்கும் பெட்டியைப் பார்த்து, ஒரு பெண் அடுப்புக்கும் தொட்டிக்கும் நடுவில் எத்தனை அடி நடக்கிறாள் என்று கணக்குப் போட்டு வரைந்தது. ஏறக்குறைய பத்தாயிரம் வீடுகளில் பொருத்தினார்கள். இன்றைக்கு நீங்கள் பார்க்கும் மாடுலர் கிச்சன் எல்லாத்துக்கும் பாட்டி அதுதான்.

இதில் எனக்குப் பிடித்த விஷயம் ஒன்று. அந்தச் சமையலறையை வரைந்தபோது தான் ஒரு நாளும் வீட்டுச் சமையல் செய்ததில்லை என்று பிற்காலத்தில் அவரே சொன்னார். ஆனால் நியாயமாகச் சொல்ல வேண்டும், அதில் அவர் ஒரு சுழல் நாற்காலி வைத்திருந்தார். காய் நறுக்கும்போது உட்கார்ந்துகொள்ள. உயரத்தை ஏற்றி இறக்கலாம். உலகம் முழுக்க அந்தச் சமையலறையைக் காப்பி அடித்தவர்கள் மேடையை எடுத்துக்கொண்டார்கள், நாற்காலியை விட்டுவிட்டார்கள்.

1930ல் எர்ன்ஸ்ட் மே ஒரு குழுவோடு சோவியத் ஒன்றியத்துக்குப் போனார். மார்கரெட்டும் போனார். மேக்னிடகோர்ஸ்க் போன்ற புதுத் தொழில் நகரங்களைத் திட்டமிடுவதற்கு. கால் நூற்றாண்டு கழித்து அதே சோவியத் ஒன்றியம் நெய்வேலி மின் நிலையத்துக்குக் கை கொடுத்தது. 1957ல்தான் அங்கே குருஷ்சேவ் அரசு எல்லாக் குடும்பத்துக்கும் தனி ஃப்ளாட் என்று சொல்லி ஐந்து மாடிக் கட்டடங்களை அச்சடித்த மாதிரி கட்டத் தொடங்கியது. அவற்றின் சமையலறை 6 சதுர மீட்டர் அல்லது அதைவிடக் குறைவு. இதிலிருந்து பிராங்பர்ட்டுக்கும் நெய்வேலிக்கும் நேர்க்கோடு போட்டுவிடாதீங்க, அப்படி ஒன்றும் கிடையாது. ஆனால் ஒரு காலத்தின் காற்று என்று ஒன்று இருக்கு இல்லையா? ஆலை, ஆலைக்கு ஊர், ஊருக்கு வீடு, வீட்டுக்கு ஒரே அளவு. அந்தக் காற்று எங்கள் தெருவரைக்கும் வீசியது.

எங்கள் தெருவில் அது என்ன ஆனது என்பதுதான் சுவாரசியம். வரைபடம் அலுவலகத்தில் முடிந்தது. ஆனால் வீட்டின் உள்ளே இருந்ததெல்லாம் அடுப்பும் ஷிப்டும் முடிவு செய்தது.

முதலில் அடுப்பு. எங்கள் பாட்டி, அப்பாவின் அம்மா, பண்ருட்டிப் பக்கத்துக் கிராமத்துக்காரர். விறகடுப்பில், தரையில், மணைப்பலகை போட்டு உட்கார்ந்து சமைத்தவர். அரிவாள்மணை, அம்மி, ஆட்டுக்கல் எல்லாமே தரைச் சாமான்கள். குவார்ட்டர்ஸ் சமையலறையிலோ நிற்கிற மேடை. அந்த மேடைக்கு நெய்வேலியே ஒரு எரிபொருளையும் கொடுத்தது. பழுப்பு நிலக்கரியை அப்படியே வீட்டில் எரிக்க முடியாது. வெட்டியெடுக்கும்போது அதன் எடையில் பாதிக்குப் பக்கம் ஈரம், புகை கண்ணை அவித்துவிடும். அதைப் பொடித்து, உலர்த்தி, அழுத்திக் கட்டியாக்கி, காற்றில்லாமல் சுட்டுக் கரியாக்கினால் புகையில்லாத எரிபொருள் கிடைக்கும். அறுபதுகளின் நடுவிலிருந்து நெய்வேலி ஆலையில் தயாரான அந்தக் கட்டிக்குப் பெயர் லெகோ. இப்போ 60 வயசைத் தாண்டிய நேயர்கள் பலருக்கு இந்தப் பேரைக் கேட்டாலே மூட்டையும் கறுப்புக் கையும் ஞாபகம் வரும். தமிழ்நாட்டின் பல ஊர்களில் கரிக்கடையில் லெகோ விற்றது.

லெகோ அடுப்புக்கு ஒரு குணம் உண்டு. பற்ற வைப்பது கஷ்டம். கொட்டாங்குச்சி, துணி, கொஞ்சம் மண்ணெண்ணெய் என்று கொல்லையில் வைத்து விசிற வேண்டும். பற்றிவிட்டால் மணிக்கணக்கா நிற்கும். அதனால் சமையலின் வரிசையே மாறிவிடும். முதல் அனலில் சோறு, பிறகு குழம்பு, தணிந்த கனலில் பால், கடைசியில் குளிக்க வெந்நீர். ஆகவே கொல்லைக் கதவுக்கும் சமையலறைக்கும் நடுவில் சாமான் எதுவும் இருக்கக் கூடாது, எரிகிற அடுப்பைத் தூக்கிக்கொண்டு வரணும். சன்னல் திறந்தே இருக்கணும், புகை இல்லாவிட்டாலும் கரியின் நச்சுக் காற்று இருக்கும். அப்புறம் எங்கள் தெருவில் பல வீடுகளில் காயில் ஹீட்டர் வந்தது. அப்புறம் கேஸ். அடுப்பு மாறும்போதெல்லாம் சமையலறையின் உள் அமைப்பு ஒரு தடவை மாறியது, ஆனால் மேடை மட்டும் அதே இடத்தில், அதே உயரத்தில்.

எங்கள் அம்மா அந்த மேடையை என்ன செய்தார்கள் தெரியுமா? பாட்டியின் மணைப்பலகையை எடுத்துக் கீழே போட்டு, அதன் மேல் ஏறி நின்று சமைத்தார்கள். பலாப்பலகை, மூன்று அங்குல உயரம். உட்கார்வதற்காகச் செய்த பலகை காலுக்குக் கீழே போய்விட்டது. அதை யாரும் வரைபடத்தில் போட்டதில்லை. அம்மாவுக்கு 49 வயசில் ஒரு நாள் அதிலிருந்து இறங்கும்போது கால் வழுக்கி, மணிக்கட்டு முறிந்து, ஒன்றரை மாதம் கட்டுப் போட்டிருந்தார்கள். அதற்குப் பிறகும் அதே பலகைதான். வேறென்ன செய்வது, மேடை குவார்ட்டர்ஸ் மேடை, கை வைக்க முடியாது.

அடுத்தது ஷிப்ட். சுரங்கமும் மின் நிலையமும் தூங்குவதில்லை. அப்பா நைட் ஷிப்ட் முடித்து ஷிப்ட் பஸ்ஸில் வந்து இறங்கும்போது நாங்கள் பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பிக்கொண்டிருப்போம். பகல் 9 மணிக்கு ஒருவர் தூங்க வேண்டும் என்றால் எந்த அறை படுக்கையறை? வரைபடத்தில் தெருப்பக்கத்து அறைதான் பெரிய படுக்கையறை. அம்மா அதை மாற்றி, பின்னால் இருந்த சின்ன அறையை அப்பாவுக்குக் கொடுத்தார்கள். சன்னலுக்கு உள்பக்கம் பழைய போர்வையை இரண்டா மடிச்சு திரை. பெரிய அறை எங்களுக்குப் படிக்கவும் விருந்தாளிகள் படுக்கவும். எங்கள் தெருவில் ஷிப்டுக்குப் போகிறவர்கள் வீடு பலவற்றில் இதே ஏற்பாடுதான், யாரும் யாரையும் கேட்டுச் செய்யவில்லை.

மூன்றாவது, சாவி. குவார்ட்டர்ஸின் சாவியை ஒரு நாள் திருப்பிக் கொடுத்தே ஆக வேண்டும். சுவரை உடைக்க முடியாது, சுவரோடு எதையும் கட்டவும் தோன்றாது. அதனால் எங்கள் வீட்டில் எல்லாமே நகரும் சாமான்கள். கோத்ரெஜ் பீரோ, அந்த வகை இரும்பு பீரோவை அவர்கள் 1923லிருந்தே செய்கிறார்கள், மூன்றடி அகலம், ஆறரை அடி உயரம். எங்கள் வீட்டில் அது அலமாரி மட்டும் இல்லை, ஹாலின் நடுவில் நின்று அறையை இரண்டாகப் பிரிக்கும் சுவரும் கூட. அதன் முதுகில் நாட்காட்டி. பண்ருட்டிப் பலாமரக் கட்டில், நாலு போல்ட்டைக் கழற்றினால் தனித்தனியாப் பிரிந்துவிடும்.

பெரிய வீடு ஒதுக்கீடானபோது அப்பா ஒரு வேலை செய்தார். சாமான் ஏற்றுவதற்கு முந்தின நாள் காலி வீட்டுக்குப் போய், தன் ஸ்டீல் டேப்பையும் சாக்பீஸையும் எடுத்து, கட்டில், பீரோ, மேசை, பிரிட்ஜ் எல்லாத்தையும் தரையில் முழு அளவில் வரைந்தார். சர்வே ஆள் இல்லையா. பீரோவின் கதவு திறந்தால் எதுவரைக்கும் வரும் என்பதற்கு ஒரு கால்வட்டம். பிறகு அம்மாவைக் கூட்டிப் போய், "நடந்து பாரு" என்றார். அம்மா சாக்பீஸ் கோடுகளுக்கு நடுவில் நடந்து, இரண்டு இடத்தில் இடிக்குதுன்னு சொன்னாங்க. அழித்து மறுபடி வரைந்தார். எனக்கு அப்போ பத்து வயசு. வீடு என்றால் முதலில் தரையில் போடும் கோலம் மாதிரி ஒன்று என்று நினைத்துக்கொண்டேன்.

ஒரு விஷயத்தைச் சொல்லாமல் நகரியத்து வீடுகளைப் பற்றி இவ்வளவு பிரியமாப் பேசுவது சரியில்லை. அந்த நிலம் காலியான நிலம் இல்லை. சுரங்கத்துக்கும் ஊருக்கும் பல கிராமங்கள் இடம் பெயர்ந்தன. திண்ணையும் மாட்டுக் கொட்டகையும் நெல் குதிரும் இருந்த வீடுகள். 2023 ஜூலையில் வளையமாதேவியில் வயலுக்குள் இயந்திரம் இறங்கியதை எல்லோரும் தொலைக்காட்சியில் பார்த்தோம், ஆகவே இது பழைய கதையும் இல்லை. என்னோடு படித்த ஒரு பையனின் குடும்பம் அப்படி இடம் மாறியது. அவன் தாத்தா புது மனையில் கட்டிய வீட்டுக்கு முதலில் போட்டது சுவரில்லை, திண்ணை. நான் அங்கே போகும்போதெல்லாம் அதில்தான் உட்கார்ந்திருப்பார். குவார்ட்டர்ஸில் இருந்த எங்களுக்குத் திண்ணை கிடையாது, அதைக் கேட்க எங்களுக்குத் தோன்றவும் இல்லை.

சரி, மேடவாக்கத்துக்குத் திரும்புவோம்.

அந்த இன்டீரியர் படத்தில் அப்பாவுக்கு இருந்த சந்தேகம் வேற. ஃப்ளாட்டை விற்கும்போது சொன்ன கணக்கு 1,050 சதுர அடி. அதில் மாடிப்படி, லிப்ட், நடைபாதைப் பங்கெல்லாம் சேர்ந்திருக்கும். சுவருக்குள் நாம் புழங்கும் இடம் எவ்வளவு? 2016ல் வந்த ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம் கார்ப்பெட் ஏரியா என்றால் என்ன என்று வரையறுத்துவிட்டது, அதையும் பத்திரத்தில் எழுதியாக வேண்டும். எங்கள் பத்திரத்தில் அது 742. இன்டீரியருக்கு அந்த எண்தான் எண், மற்றதெல்லாம் பேச்சு. தேசியக் கட்டட விதித்தொகுப்பு, முதலில் 1970ல் வந்தது, ஒரு சமையலறைக்குச் சொல்லும் குறைந்தபட்சம் 5 சதுர மீட்டர், அகலம் 1.8 மீட்டர். பிராங்பர்ட் சமையலறையைவிடச் சின்னது, பாருங்க. எங்களுடையது அதைவிடக் கொஞ்சம்தான் பெரிசு.

அப்பா மறுபடி சாக்பீஸ் வாங்கினார். பளபளன்னு வெள்ளை டைல்ஸ், அதில் வெள்ளைக் கோடு தெரியவில்லை, கடைக்குத் திரும்பிப் போய் நீலம் வாங்கி வந்தார். படத்தில் இருந்த ஒவ்வொன்றையும் தரையில் முழு அளவில் இறக்கினார். சுவரலமாரி 2 அடி ஆழம், அதன் கதவு இன்னொரு ஒன்றேகால் அடி வெளியே வரும், நடுவில் ஐந்தடி அகலக் கட்டில். மிச்சம் நடக்க இருந்தது 14 அங்குலம். மடிக்கணினியில் பார்க்கும்போது அந்த அறையில் நாட்டியமே ஆடலாம் போல இருந்தது. "அம்மா நடந்து பாருங்க" என்று அந்தப் பையனே சொன்னார். நல்ல பையன், அவர்மேல் குறையில்லை. அவர் கையில் இருந்த மென்பொருளில் கட்டிலும் கதவும் ஒன்றை ஒன்று இடிப்பதே இல்லை.

அப்புறம் பிளக் பாயின்ட். இது சின்ன விஷயம்போலத் தெரியும். 1950களில் கோயம்புத்தூரில் வெட் கிரைண்டர் வந்த பிறகு ஆட்டுக்கல் தரையை விட்டு எழுந்தது, மிக்ஸி வந்து அம்மியை எழுப்பியது. தரைச் சாமான் ஒவ்வொன்றும் மேடைக்கு வந்துவிட்டது, ஆனால் மேடை நீளவில்லை. எங்கள் ஃப்ளாட்டின் மேடைப் பக்கம் மொத்தம் இரண்டு சாக்கெட். கிரைண்டர், மிக்ஸி, இண்டக்ஷன், தண்ணீர் சுத்திகரிப்பு, கெட்டில். அம்மா விரல் விட்டு எண்ணி ஐந்து கேட்டார்கள், அதில் இரண்டு 16 ஆம்பியர். சுவரில் டைல்ஸ் ஒட்டுவதற்கு முன்பு கேட்டிருந்தால் ஒரு நாள் வேலை. பிறகு கேட்டால் சுவரைக் கொத்தணும். புது வீடு வாங்கியிருக்கிற நேயர்கள் இதை மட்டுமாவது குறித்துக்கொள்ளுங்க. மரவேலைக்கு முன்னால் மின்வேலை, மின்வேலைக்கு முன்னால் அந்த வீட்டில் சமைக்கப் போகிறவரிடம் ஒரு மணி நேரம்.

மேடை உயரத்தில்தான் பெரிய சண்டை. கொள்கை எளிமையானது. நறுக்குகிற இடம் முழங்கைக்கு நாலைந்து அங்குலம் கீழே இருக்கணும். அம்மாவுக்கு அது 31 அங்குலம் வரும். ஆனால் கேஸ் அடுப்பு தானே ஒரு ஐந்து அங்குலம், அதன் மேல் பாத்திரம். 34 அங்குல மேடையில் அம்மா குழம்பைக் கிளறும்போது கை தோள்வரை எழும். இருபது வருஷத் தோள்வலிக்கு மருத்துவர்கள் கொடுக்காத விளக்கத்தை அப்பாவின் டேப் கொடுத்தது. பாத்திரம் கழுவும் தொட்டிக்கு நேர் எதிர்க் கணக்கு. அதன் அடிமட்டம் ஏற்கெனவே பள்ளத்தில் இருக்கிறது, அதனால் தொட்டி உயரமா இருந்தால் இடுப்பு வளையாது. அதாவது ஒரே மேடைக்கு ஒரே உயரம் என்பதே தப்பு.

"அடுப்பு இருக்கிற மூன்றடியை மட்டும் இறக்கிடலாம்" என்றார் அப்பா. நிறுவனத்தில் ஒத்துக்கொள்ளவில்லை. அடியில் வரும் பெட்டிகள் எல்லாம் ஒரே உயரத்தில்தான் வரும், ஒன்றை இறக்கினால் வரிசை கெட்டுவிடும், பிறகு விற்கும்போது விலை போகாது என்றார்கள். நானும் அவர்கள் பக்கம்தான் பேசினேன், ஒப்புக்கொள்கிறேன். புது கிரானைட்டை அறுக்க மனசு வரவில்லை. "நாளைக்கு வாங்கறவன் என்ன சொல்வான்?" என்று கேட்டேன்.

அம்மா என்னைப் பார்த்துச் சொன்னாங்க, "இந்த வீட்டுச் சாவியை யாருக்குடா திருப்பிக் கொடுக்கணும்?"

அடுத்த வாரம் கொத்தனார் வந்தார். மூன்றடி கிரானைட்டை அறுத்து, ஆறு அங்குலம் இறக்கி வைத்தார். தூசி மூன்று நாள் பறந்தது. அடியில் பெட்டி வைக்கவில்லை, சிலிண்டருக்கு விட்டுவிட்டோம். இன்டீரியர் ஒப்பந்தத்தில் மிச்சம் செய்தது ஒரு சுவரலமாரி மட்டும், அதுவும் நகர்த்தும் கதவோடு. ஃபால்ஸ் சீலிங், டிவி சுவர் எல்லாம் ரத்து. முன்பணத்தில் கொஞ்சம் போனது, போகட்டும். இப்போதைக்கு ஹாலில் பழைய பீரோ நிற்கிறது, அதன் முதுகில் நாட்காட்டி.

வந்து ஆறு மாதம் ஆகிறது. சாயங்கால வெயில் எந்தச் சன்னலில் வருகிறது, மேல்வீட்டுக்காரர் எத்தனை மணிக்கு நாற்காலி இழுக்கிறார், துணி எங்கே சீக்கிரம் காய்கிறது என்பதெல்லாம் இப்போதான் அவர்களுக்குத் தெரிகிறது. அம்மா சுவரில் அங்கங்கே பென்சிலால் சின்னச் சின்னப் பெருக்கல் குறி போட்டு வைத்திருக்கிறார்கள். அங்கே ஒரு தட்டு வேணுமாம். சிலது இரண்டு தடவை இடம் மாறிவிட்டது. மணைப்பலகை தண்ணீர் கேனுக்கு அடியில் இருக்கு.

தச்சர் வியாழக்கிழமை வர்றேன்னு சொல்லியிருக்கார். அப்பா டேப்பைத் தேடிக்கொண்டிருக்கிறார்.